கேனன் என்று கூப்பிட்டால்

தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும் நாமம் தன் வேலையைச் செய்தே தீரும் என்பது எங்கள் ஊர்ப் பக்கத்துச் சித்தாந்தம். கோவிந்தபுரத்தில் போதேந்திரர், திருவிசநல்லூரில் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூரில் சத்குரு சுவாமிகள் என்று கும்பகோணத்தைச் சுற்றி வாழ்ந்த மூன்று மகான்கள் நிலைநாட்டிவிட்டுப் போனது அது. நெருப்பென்று தெரியாமல் தொட்ட குழந்தைக்கும் விரல் சுடத்தானே செய்கிறது என்பார்கள் பாகவதர்கள். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவள். கோவிந்தபுரம் அதிஷ்டானத்தில் பஜனை கேட்டுக் கேட்டே இந்த நியாயத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டாள். அர்த்தம் தெரியாமல் சொன்னால் என்ன பிரயோஜனம் என்று சின்ன வயதில் நான் கேட்டால், "அர்த்தம் அவனுக்குத் தெரியும்டா" என்பாள்.

அந்தச் சித்தாந்தத்தின் முன்னால் ஒரு கேள்வியை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் கேமரா பழுதுபார்ப்பவன். பெரிய தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் கடை. ஃபிலிம் காலத்து ஷட்டர்த் திரையை மாற்றுவதில் தொடங்கி இன்று சென்சாரில் படிந்த தூசியைத் துடைப்பது வரை எல்லாம் செய்கிறேன். ஐப்பசி பிறந்தால் மழை ஈரத்தில் லென்ஸுக்குள் பூசணம் பிடித்து வரும். தை பிறந்தால் கல்யாணக் கூட்டத்தில் கீழே விழுந்தவை வரும். என் கடை வாசலில் அதிகம் புழங்கும் சொல் 'கேனன்'. கேனன் ரெடியா, கேனன் எப்போ கிடைக்கும், கேனனுக்கு பேட்டரி இருக்கா என்று காலையிலிருந்து இரவு வரை அதே பேச்சு. அந்தச் சொல்லுக்குள் ஒரு போதிசத்துவர் இருக்கிறார். நானாகக் கட்டிச் சொல்வது அல்ல, அந்த நிறுவனமே தன் வரலாறாகச் சொல்லிக்கொள்வது. அப்படியென்றால் என் வாசலில் நிற்கிறவர்கள் எல்லாரும் நாமம் சொல்லிக்கொண்டா இருக்கிறார்கள்?

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1930களின் தொடக்கத்தில் தோக்கியோவில் கோரோ யோஷிதா என்றொருவர் இருந்தார். சினிமா கேமராக்களையும் புரொஜெக்டர்களையும் பழுதுபார்த்தவர்; உதிரி பாகம் வாங்க ஷாங்காய்க்கும் தோக்கியோவுக்குமாக அலைந்தவர். ஜெர்மன் லைக்கா ஒன்றைக் கையில் எடுத்து, திட்டம் ஏதும் இல்லாமல், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே பிரித்துப் போட்டார். வைரம் மாதிரி விசேஷமாக எதுவும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். இந்த மலிவுச் சாமான்களைச் சேர்த்தால் இவ்வளவு விலையா என்று தனக்குக் கோபம் வந்ததாகப் பின்னாளில் அவர் சொன்னார். அன்றைக்கு லைக்காவின் விலை 420 யென். பெரிய வங்கியில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு மாதச் சம்பளம் 70 யென். அரை வருஷச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தால்தான் ஒரு கேமரா.

பிரித்துப் பார்க்கிற தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் கோபம் நன்றாகவே புரியும். மேல்தகட்டின் திருகுகளைக் கழற்றி எடுத்ததும் வெளிப்பகட்டு எல்லாம் போய்விடும். பல்சக்கரங்களும் சுருள்வில்லும் ஒன்றிரண்டு நெம்புகோல்களும்தான் மிஞ்சும். அந்த இடத்தில் சிலருக்கு, இவ்வளவுதானா என்ற அலட்சியம் வரும். சிலருக்கு, இவ்வளவுதானே, நாமே செய்யலாமே என்ற துணிவு வரும். யோஷிதாவுக்கு வந்தது இரண்டாவது.

1933 நவம்பரில் தோக்கியோவின் ரொப்போங்கி பகுதியில், மரத்தால் கட்டிய ஒரு குடியிருப்பின் மூன்றாம் தளத்தில், துல்லியமான ஒளியியல் கருவிகளை ஆராய்ந்து செய்யும் கூடம் ஒன்று தொடங்கியது. யோஷிதாவும் அவருடைய மைத்துனர் சபுரோ உச்சிதாவும், உச்சிதாவிடம் முன்பு வேலை பார்த்த தக்கேயோ மயேதாவும் அதில் இருந்தார்கள். உச்சிதாவின் நண்பர் ஒருவர் பணம் போட்டார். அவர் தக்கேஷி மித்தராய், பிரசவ மருத்துவர். இந்த மருத்துவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் திரும்பி வருவேன்.

செய்ய நினைத்த கேமராவுக்கு யோஷிதா வைத்த பெயர் 'குவானோன்'. அவர் கன்னோன் பக்தர். சமஸ்கிருதத்தில் அவலோகிதேசுவரர் என்றும் சீனத்தில் குவான்யின் என்றும் வழங்கும் கருணைத் தெய்வத்தை ஜப்பானியர் கன்னோன் என்கிறார்கள். கேமராவின் சின்னத்தில் ஆயிரம் கைகளோடு, சுடர் சூழ, கன்னோனே வீற்றிருந்தார். லென்ஸுக்கு வைத்த பெயர் 'கஸ்யபா'. புத்தரின் சீடர் மகாகாசியபரின் பெயர் அது. புத்தர் ஒன்றும் பேசாமல் ஒரு பூவை உயர்த்திக் காட்ட, கூடியிருந்தவர்களில் காசியபர் மட்டும் பார்த்துப் புன்னகைத்தார் என்று ஜென் மரபில் ஒரு கதை உண்டு. ஒரு வார்த்தையும் கேட்காமல், பார்வையாலேயே அறிந்தவர். லென்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் இன்றுவரை கேள்விப்பட்டதில்லை. ஆயிரம் கைக் கன்னோனுக்கு ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு கண் உண்டு என்பது ஐதீகம். கியோத்தோவின் சன்ஜூசங்கென்தோ கோயிலில் அப்படி 1,001 உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. சிற்பிகள் ஆயிரம் கைகளையும் செதுக்குவதில்லை. கூப்பிய இரண்டு கை போக நாற்பது கைகள். கை ஒன்றுக்கு இருபத்தைந்து உலகங்களைக் காக்கும் பொறுப்பு. அதுதான் ஆயிரம் என்ற கணக்கு. தன் கேமராவின் தலையில் இந்த உருவத்தை வைத்தவர் பெயர்களைச் சும்மா தேடியவராக இருக்க முடியாது.

கேமராத் தொழிலில் மற்றவர்கள் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் இது எவ்வளவு தனியாக நிற்கிறது என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டு படித்தோம். இடுகுறிக்கு உலகத்திலேயே சுத்தமான உதாரணம் கோடக். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் அந்தப் பெயரைப் பதிவு செய்தார். சிறியதாக இருக்க வேண்டும், யார் வாயிலும் சிதையக் கூடாது, எந்த மொழியிலும் ஒரு பொருளையும் குறிக்கக் கூடாது என்பவை அவர் போட்ட நிபந்தனைகள். 'கே' என்ற எழுத்தின் மேல் அவருக்கு ஆசை. முன்னும் பின்னும் அதையே வைத்து நடுவில் எழுத்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஈஸ்ட்மனின் தாயார் மரியாவின் பிறந்த வீட்டுப் பெயர் கில்பர்ன். அதற்கும் முதலெழுத்து கே. கணவர் இறந்தபின் வீட்டில் வாடகைக்கு ஆட்களைத் தங்கவைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய். எதையும் குறிக்காத பெயர் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும், இருபத்தாறு எழுத்தில் அந்த ஓர் எழுத்து மட்டும் ஏன் அவ்வளவு பிடித்தது என்று கேட்டால் என் மனம் அந்தத் தாயிடம்தான் போகிறது.

லைக்கா காரணப்பெயர்: லைட்ஸ் என்ற நிறுவனத்தின் கேமரா. நிக்கான் என்பது நிப்பான் கோகாக்கு, ஜப்பான் ஒளியியல் என்பதன் சுருக்கம். மினோல்ட்டாவில் இரண்டு அடுக்கு. வெளியே ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். உள்ளே, கதிர் முற்றிய வயல் என்னும் ஜப்பானியச் சொல். முற்றிய கதிர் தலை தாழ்ந்து நிற்பதுபோல இருக்க வேண்டும் என்ற தாயின் அறிவுரையை நிறுவனர் தஷிமா மறக்கவில்லை என்பார்கள். காவிரிக் கரைக்காரனான எனக்கு அது பிடித்த பெயர். கேமராவை விட்டு வெளியே வந்தால் வேறு மாதிரி. அடோபி, நிறுவனர் ஜான் வார்னாக்கின் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயர். நோக்கியா, பின்லாந்தில் ஓர் ஊர். கூகுளுக்கு மூலமான 'கூகல்', 1க்குப் பின் 100 சைபர் போட்ட எண்ணுக்குக் கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் மருமகன், ஒன்பது வயதுப் பையன், சொன்ன பெயர். ஹியூலெட்டும் பேக்கார்டும் யார் பெயர் முன்னால் வருவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள்.

தெய்வ சம்பந்தமான பெயரும் உண்டு. ஆரக்கிள் என்றால் தெய்வவாக்கு. கிரேக்கத்து டெல்ஃபி கோயிலில் அப்பல்லோவின் பெயரால் குறி சொன்ன வழக்கத்தை நினைவூட்டும் சொல். அந்த நிறுவனத்துக்கு அது வந்த வழி வேறு. நிறுவனர்கள் முன்பு அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வுக்காக வேலை பார்த்த ஒரு திட்டத்தின் குறிப்புப் பெயர் அது. அதை வைத்தவர்கள் யாரும் அப்பல்லோவை நினைத்து விளக்கேற்றவில்லை. ஆகவே அதுவும் என் கணக்கில் காரணப்பெயர்தான்.

குவானோன் இந்த இரண்டிலும் சேராது. நேர்ந்துகொண்டு வைத்த பெயர் என்று மூன்றாவது ஒன்று உண்டு, இலக்கணத்தில் இல்லாவிட்டாலும் நம் வீடுகளில் உண்டு. முதல் குழந்தை தங்காமல் அடுத்தது பிறந்தால் பிச்சை என்று வைப்பார்கள். குலதெய்வத்தின் பெயரை வைத்து, முடியிறக்கி, காது குத்துவார்கள். பிள்ளைகளுக்கு மனிதப் பெயர் வேண்டாம், மாலின் பெயரை வையுங்கள் என்று சொல்லப் பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். பிள்ளையைக் கூப்பிடும் சாக்கில் பெற்றவளுக்கு நாமம் வாயில் வந்துகொண்டே இருக்கும் என்பது உள்ளே இருக்கும் எண்ணம். அப்படி வைக்கும் பெயர் பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்வதில்லை. பெற்றவர்கள் யாரிடம் பிள்ளையை ஒப்படைத்தார்கள் என்று சொல்கிறது. யோஷிதா தன் பெயரைக் கேமராவில் வைத்துக்கொள்ளவில்லை. முதல் கேமராவைச் செய்து முடிக்கும் முன்பே அதைக் கன்னோனிடம் ஒப்படைத்துவிட்டார்.

கன்னோன் நமக்கும் அந்நியர் அல்ல. வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் அவலோகிதேசுவரரின் இருப்பிடமான பொதலக மலையைத் தென்கோடியில் வைத்து எழுதினார். பொதிகைதான் அது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இங்கே ஆண் வடிவில் இருந்தவர் சீனத்திலும் ஜப்பானிலும் பெரும்பாலும் தாய் வடிவம் கொண்டார். தாமரைச் சூத்திரத்தின் 25ஆம் அத்தியாயம் முழுக்க அவர் பெயரின் மகிமை. தீயில் அகப்பட்டவன், வெள்ளத்தில் போகிறவன், புயலில் கப்பல் திசைமாறியவன், விலங்கு பூட்டப்பட்டவன் யாராக இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மீள்வான் என்கிறது அது. கோவிந்தபுரத்தில் என் அம்மா கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான்.

ஆகவே நான் இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்துப் பாகவதர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வயதானவர். மார்கழி பஜனைக்கு மைக்செட் ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்க்க என்னிடம் வருவார். கேமராக்காரன் ஆம்ப்ளிஃபயரைத் தொடலாமா என்று அவரும் கேட்டதில்லை, நானும் மறுத்ததில்லை. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அதுக்கென்ன சந்தேகம் தம்பி? பாகவதத்திலேயே இருக்கு" என்றார். அஜாமிளன் சாகும் தறுவாயில் நாராயணா என்று கூப்பிட்டது பகவானை அல்ல, கடைக்குட்டிப் பிள்ளையை. அதற்கே விஷ்ணுதூதர்கள் ஓடி வந்தார்கள். அந்த இடத்தில் பாகவதம் நான்கு வகை சொல்கிறது: வேறொன்றைக் குறித்துச் சொன்னாலும், வேடிக்கையாகச் சொன்னாலும், பாட்டுக்கு நடுவே இட்டு நிரப்பச் சொன்னாலும், அலட்சியமாகவே சொன்னாலும் நாமம் பாவத்தைப் போக்கும். "கேமராவைக் குறிச்சுச் சொல்றான். முதல் வகை. முடிஞ்சுபோச்சு."

"பெயர் அப்படியே இல்லையே சாமி. குவானோன் கேனன் ஆயிடுச்சே."

"வால்மீகி மரா மரான்னுதானே சொன்னார்?"

அவர் சொன்னது சாஸ்திரத்துக்குச் சரி. ஆனால் என் மனம் அன்றைக்கு ஒப்பவில்லை. அதற்குக் காரணம் ஒரு விளம்பரம்.

1934 ஜூன் மாத 'அசாஹி கேமரா' பத்திரிகையில் குவானோனுக்கு விளம்பரம் வந்தது. கேமரா கடைக்கு வரவில்லை; பெயர் மட்டும் முதலில் வந்துவிட்டது. அந்த விளம்பரம் மூன்று பொருள்களை ஒரே வரிசையில் நிறுத்தி மூன்றும் உலகத்திலேயே சிறந்தவை என்றது. ஒன்று ஜப்பானியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல். இரண்டாவது 92 ரகப் போர் விமானம். மூன்றாவது குவானோன் கேமரா. மஞ்சூரியாவுக்குள் ஜப்பானியப் படை புகுந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை அப்போது. புயலில் தவிக்கும் கப்பலைக் காப்பவள் என்று சூத்திரம் சொல்லும் தாயின் பெயரை, கப்பலை மூழ்கடிக்கும் கருவிக்குப் பக்கத்தில் அச்சிட்டார்கள். நாம சித்தாந்தத்தில் நாமாபராதம் என்று பத்து சொல்வார்கள். நாமத்தின் பலம் இருக்கிறது என்ற தைரியத்தில் பாவம் செய்வது அதில் ஒன்று. அந்த விளம்பரத்தைப் பற்றி அறிந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். யோஷிதாவின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஒப்படைத்த பெயர் சந்தைக்குப் போனதும் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும் என்பதுதான் என்னை உறுத்தியது.

அந்த வருஷ இலையுதிர் காலத்திலேயே யோஷிதா கூடத்தை விட்டு விலகிவிட்டார். குவானோன் என்ற பெயரில் ஒரு கேமராவும் விற்பனைக்கு வரவில்லை. 1935 ஜூனில் 'கேனன்' என்ற பெயரைப் பதிவுக்குக் கொடுத்தார்கள். ஓசை பழைய பெயரை ஒட்டியிருந்தது. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு அளவுகோல் என்றும் மறைநூல் என்றும் பொருள். வெளிநாட்டில் விற்க வேண்டும், யாருக்கும் புரியாத தெய்வப் பெயர் உதவாது என்பதுதான் காரணம். 1936இல் கடைக்கு வந்த முதல் கேமரா ஹன்சா கேனன். லென்ஸ் நிக்கான்காரர்களிடம் வாங்கியது. காசியபரும் போய்விட்டார்.

இதைக் கேட்கிறவர்கள் வியாபாரத்துக்காகச் சாமியை விட்டார்கள் என்று வருத்தப்படுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மாற்றம் கன்னோனுக்குச் செய்த மரியாதை என்றே நினைக்கிறேன், செய்தவர்கள் அதை நினைத்துச் செய்திருக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு மறுநாள் காலை எங்கள் தெருவைப் பார்த்தால் தெரியும். லட்சுமி வெடி என்று தாயாரின் படம் போட்டு விற்கிறோம், திரியில் நெருப்பு வைக்கிறோம், கிழிந்த முகத்தைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறோம். சின்ன வயதிலிருந்து எனக்குப் பொறுக்காத காட்சி அது. என் கடையில் ஒரு சாக்கு இருக்கிறது. இனி பிழைக்காது என்று ஆன கேமராக்களை, உபயோகமான பாகங்களை எடுத்துக்கொண்டு, அதில் போட்டு வைப்பேன். சாக்கு நிறைந்ததும் காயலான் கடைக்காரர் வந்து எடைக்கு எடுத்துப் போவார். அந்தத் தகடுகளில் குவானோன் என்றும் ஆயிரம் கைத் தாய் என்றும் இருந்தால் என்னால் போட முடியுமா? முடியாது. தேய்ந்து, உடைந்து, எடைக்குப் போகிற பொருளின் மேல் தெய்வத்தின் பெயரை எழுதுகிறவர், அது எடைக்குப் போகும் நாளையும் யோசித்திருக்க வேண்டும்.

பெயரை உள்ளே மறைத்து வைப்பது ஜப்பானில் புதுசும் அல்ல. தோக்கியோவின் அசகுசாவில் சென்சோஜி என்ற கன்னோன் கோயில். 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த சகோதரர்கள் இருவரின் வலையில் கன்னோன் திருமேனி கிடைத்தது, அதற்குக் கட்டிய கோயில் அது என்பது தலவரலாறு. அந்த மூல உருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. கோடிக்கணக்கானவர்கள் வருகிறார்கள், மூடிய சந்நிதியின் முன் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். படம் பிடிக்கும் கருவிக்கு எந்தத் தெய்வத்தின் பெயரை யோஷிதா வைத்தாரோ அந்தத் தெய்வம் அதே ஊரில் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கிறது. சிதம்பர ரகசியத்தின் திரையை விலக்கிக் காட்டக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பிரசவ மருத்துவருக்கு வருகிறேன். 1940இல், ஜப்பானில் முதல்முறையாக, மறைமுக எக்ஸ்ரே படம் எடுக்கும் கேமராவை அந்த நிறுவனம் செய்தது. மருத்துவரான மித்தராய் இருந்த இடத்தில் அப்படி ஒரு வேலை பிறந்தது இயல்புதான். அன்றைக்குக் காசநோய் ஜப்பானில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றுகொண்டிருந்தது. அதில் இளைஞர்கள் ஏராளம். மார்பு அகலத்துக்கு ஃபிலிம் வைத்து ஒவ்வொருவரையும் எக்ஸ்ரே எடுக்கச் செலவு தாங்காது. மறைமுக முறையில் எக்ஸ்ரே ஓர் ஒளிரும் திரையில் விழும். திரையில் தெரியும் நுரையீரலின் நிழலைக் கேமரா சின்ன ஃபிலிமில் படம் பிடிக்கும். ஒரு சுருள் ஃபிலிமில் வரிசையாகப் பலரைப் பரிசோதித்துவிடலாம். இருமல் முற்றி ரத்தம் வருவதற்கு முன்பே நோய் தெரிந்துவிடும். 1942இல் மித்தராய் அந்த நிறுவனத்தின் தலைவரானார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். குவானோன் என்று தகட்டில் பொறித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெயர் நீர்மூழ்கிக்குப் பக்கத்தில் நின்றது. தகட்டிலிருந்து பெயரை எடுத்து ஐந்து வருஷத்தில், மூச்சுவிட முடியாமல் கிடந்தவர்களின் மார்புக்கு நேராக அந்தக் கேமரா போய் நின்றது. நான் இதை நாமத்தின் அற்புதம் என்று சொல்லமாட்டேன். வலியில் கத்துகிற பெண்களின் குரலை வேலையாகவே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் அந்த இடத்தில் இருந்தார். யோஷிதா விட்டுப்போன வேண்டுதலை, தான் வேண்டிக்கொள்ளாதபோதும், அவர் நிறைவேற்றினார் என்று சொல்வேன். பெயர் என்பது ஒரு கடன். வைத்தவர் போய்விட்டாலும், பெயரையே மாற்றிவிட்டாலும், அந்தப் பொருளை நடத்துகிறவர்கள் தலையில் அது நிற்கிறது என்பது என் கட்சி.

பாகவதரிடம் இதைச் சொன்னேன். "அந்த வைத்தியரை அங்கே கொண்டுவந்தது யாருங்கறே?" என்றார். அந்த வாதத்தில் முடிவு கிடையாது என்பதால் வேறு பக்கமாகப் போனேன். "சாமி, அஜாமிளன் யமதூதரைப் பார்த்து நடுங்கிக் கூப்பிட்டான். சூத்திரத்தில் வருகிறவனும் வெள்ளத்தில் போகும்போதுதான் கூப்பிடுகிறான். ரெண்டிலும் தவிப்பு இருக்கு. என் கடையில் கேனன் கேனன்னு சொல்றவங்களுக்கு என்ன தவிப்பு? அப்போ அது நாமம் ஆகாதுதானே?" இதுதான் என்னிடம் இருந்த வலுவான வாதம். வேறொன்றைக் குறித்துச் சொல்லலாம், சிதைத்துச் சொல்லலாம். ஆனால் கூப்பாட்டில் உயிர் இருக்க வேண்டும் என்பேன்.

அவர் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. கல்யாணப் படம் எடுக்கும் பையன் ஒருவன், சுவாமிமலைப் பக்கத்து மண்டபத்திலிருந்து. வட்டிக்குக் கடன் வாங்கிக் கேமரா எடுத்தவன். பன்னீர்ச் செம்பு கவிழ்ந்து கேமராவின் மேலேயே கொட்டிவிட்டது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணிகூட இல்லை. "அண்ணே, கேனன் போச்சுண்ணே, கேனன் போச்சு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான், அழுகிற குரல். ஸ்பீக்கரில் இருந்ததால் பாகவதரும் கேட்டார். பேட்டரியை உடனே கழற்று, மறந்தும் ஆன் பண்ணிப் பார்க்காதே, கார்டை எடுத்துப் பத்திரப்படுத்து, லென்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் துணிமேல் வை என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து என் பழைய பாடியை எடுத்து, பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துப் பையில் போட்டேன்.

"தவிப்பு இல்லேன்னியே" என்றார் பாகவதர். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "அவன் கூப்பிட்டான். யார் காதுல விழுந்தது பார்."

அவர் சொன்னதை நான் இன்னும் முழுசாக ஏற்கவில்லை. என்னைக் கன்னோனின் நாற்பது கைகளில் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் துணிவு கிடையாது. ஆனால் தவிப்பு இல்லாத சொல் நாமம் ஆகாது என்ற என் வாதத்தை வைத்துக்கொண்டே அவர் என்னை மடக்கிவிட்டார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தக் கூப்பாட்டில் தவிப்பு இருக்கிறது, எதில் இல்லை என்று வாசலில் நின்று தரம் பிரிக்க என்னால் முடியாது. மறுநாள் அந்தக் கேமராவை முழுக்கப் பிரித்தேன். பட்டன்களின் அடியிலும் சர்க்யூட் பலகையின் ஓரத்திலும் ஈரம் இருந்தது, பன்னீர் வாசனையோடு. சுத்த ஆல்கஹால் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலரவைத்து, மூடினேன். அடுத்த முகூர்த்தத்துக்கு அது போய்விட்டது. ஆம்ப்ளிஃபயர் இன்னும் மேசைமேல் இருக்கிறது. பாகவதர் வாங்க வரும்போது, பத்து அபராதங்களில் அந்த 1934 விளம்பரம் எதில் சேரும் என்று கேட்க வேண்டும்.